எதிர் பங்களாவின் வெங்காயக் கிண்ணம்

ராயபுரத்தில் வெள்ளைக்காரத் துறைமுக அதிகாரி ஒருவரின் பங்களாவில் நான் சமையல்காரனாக இருந்தபோது, எதிர் பங்களாவில் சமைத்த பெண்ணை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாள். எதைச் சமைத்தாலும் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நக்கிப் பார்ப்பாள்.

விருந்துகளில் வறுத்த உருளைக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள நான் பாலேட்டில் வெங்காயம் கலந்து வைப்பேன். விருந்தாளிகள் இரண்டு வாயோடு நிறுத்திவிடுவார்கள். எதிர் பங்களாவில் அதே விருந்தாளிகள் வெங்காயக் கிண்ணத்தை வழித்துத் தின்றதாக எங்கள் துரைசாணியே சொன்னாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் அந்தச் சமையல்காரியிடம் கேட்டே விட்டேன்.

"அதுல இன்னாம்மா போடுற?"

"தயிருதான் அண்ணே. துணில கட்டித் தொங்கவுட்டா தண்ணியெல்லாம் வடிஞ்சிடும். வெங்காயத்த மெதுவா செவக்க வதக்கி, ஆறவச்சிக் கலந்துக்கினா போதும். பாலேடு இந்த வெக்கைல வவுத்துல கல்லாட்டம் குந்திக்கும்."

ஒளிக்காமல் சொன்னாள். நான் அப்படியே செய்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். புறங்கையில் விட்டு நக்கினாள்.

"என்னுதவிட ஒன்னுது நல்லா கீது அண்ணே," என்றாள்.

அதைத் தன் துரைசாணியிடமும் சொல்லியிருக்கிறாள். அவர்கள் வீட்டு அடுத்த விருந்துக்கு அந்தக் கிண்ணத்தை என்னிடம் வாங்கிவர அவளையே அனுப்பினார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். முகத்தில் துளி வருத்தமாவது தெரிகிறதா என்று வாசல்வரை கூடவே போய்ப் பார்த்தேன். தெரியவில்லை. ஜெயித்தது நான்தான். ஆனாலும் அவள்மேல் எனக்கிருந்த பொறாமை அன்றைக்குத்தான் அதிகமாயிற்று.