அறிக்கையின் முதல் வரி

டைப்பக்கா அடித்த தாளில் யாராவது ஓர் எழுத்துப்பிழை காட்டிவிட்டால் போதும், அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது. பத்தொன்பது வருடம் ஓர் உளவியல் நிபுணரிடம் தட்டச்சு வேலை. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் அவரிடம் அனுப்பும். அவர் சோதிப்பார், இவள் அறிக்கை அடிப்பாள். கடைசி ஆறு வருடம் அவருக்கு முதுகுவலி. மரக்கட்டைகளை அடுக்கச் சொல்வது, கேள்வி கேட்பது, மதிப்பெண் போடுவது எல்லாம் மெல்ல இவள் கைக்கு வந்தது. கையெழுத்து மட்டும் அவருடையது. அதற்கு உரிமம் வேண்டும், சட்டம் அப்படி.

அவர் இடத்தைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, சோதனைப் பெட்டியை இவளிடம் கொடுத்து, "வச்சுக்கம்மா, நீ பாதி டாக்டர்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, இந்த மகராசி அதை அப்படியே மனதில் முடிந்துகொண்டாள்.

புருஷன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். "பெட்டியைத் தூக்கிப் பரண்ல போடு. இன்ஸ்பெக்டர் கையெழுத்து இல்லாம ஒரு லிஃப்ட்டை நான் ஓட விடறேனா?" என்றான்.

"கம்பியும் குழந்தையும் ஒண்ணா? போய் வேலையைப் பாருங்க" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள். அவன் சொன்னது எவ்வளவு சரி என்று அவனுக்கே தெரியாது.

மாடி வீட்டில் ஒருத்தி இருந்தாள், சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். அவளுடைய ஏழு வயது மகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. நிபுணரின் அறிக்கை வராவிட்டால் அடுத்த வகுப்பில் சேர்க்க மாட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். உரிமம் உள்ளவர்களிடம் போனால் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

"அக்கா, நீங்க பார்க்காத பிள்ளையா? ஒரு தாள் அடிச்சுக் குடுங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அந்தத் தாய் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டைப்பக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையைத் துடைத்துப் பெட்டியைத் திறந்தாள். அடுக்க வேண்டிய மாதிரிப் படத்தைக் காட்டியதுதான் தாமதம், குழந்தை கட்டைகளை மடமடவென்று அடுக்கித் தள்ளிவிட்டது. அடுத்து கேள்விகள். "பூட்டு எதுக்கு இருக்கு?" என்று கேட்டபடி இவள் தலை குனிந்து தாளில் எழுதினாள். குழந்தை இவள் உச்சந்தலையையே பார்த்துச் சிரித்தது, தலையை ஆட்டியது. இருபத்தெட்டுக் கேள்விக்கும் அதே சிரிப்பு, அதே ஆட்டல்.

கட்டையில் புலி, கேள்வியில் பூஜ்யம். படித்தவன் எவனும் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்திருப்பான். இவள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினாள்.

அறிக்கையின் முதல் வரியை விரல்கள் தாமாகவே அடித்தன: 'பார்வையும் செவித்திறனும் பரிசோதிக்கப்பட்டன, சீராக உள்ளன.' டாக்டரின் எல்லா அறிக்கையும் அப்படித்தான் தொடங்கும். கடிதத்தில் 'ஐயா' என்று போடுவதுபோல அதுவும் ஒரு மரியாதை என்றே அவள் நினைத்திருந்தாள். கடைசியில் 'தனி வகுப்பு பரிந்துரைக்கப்படுகிறது' என்று அடித்து, 'உளவியல் சோதனையாளர்' என்று போட்டுக் கையெழுத்திட்டாள். தாள் அவ்வளவு லட்சணமாக இருந்தது. பள்ளி குமாஸ்தா உரிம எண்ணைக்கூடத் தேடாமல் கோப்பில் வைத்துவிட்டார்.

இரண்டு வருடம் அந்தக் குழந்தை தனி வகுப்பில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த விளையாட்டு ஆசிரியைதான் கண்டுபிடித்தார். விசில் ஊதினால் அந்தச் சிறுமி ஓடுவதில்லை, மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் ஓடுகிறாள். காது மருத்துவர் சோதித்தார். ஒரு காது சுத்தமாகக் கேட்காது, மற்றதில் பாதி.

அன்று மாலையே இஸ்திரிக்காரி அறிக்கையோடு வாசலில் வந்து நின்றாள். "சீரா இருக்குன்னு எழுதியிருக்கீங்களேக்கா. பாவி, எம்பிள்ளை ரெண்டு வருஷத்தை யாரு குடுப்பா?" உரிமம் கொடுக்கும் வாரியத்துக்குப் புகார் போய்விட்டது.

விசாரணை அறையில் வாரியத் தலைவியோடு சேர்த்து மூன்று பேர். டாக்டர் அனுப்பிய கடிதத்தைத் தலைவி வாசித்தார்: 'என்னிடம் அவர் எழுத்து வேலை மட்டுமே பார்த்தார். பெட்டி வெறும் நினைவுப் பொருள்.'

"பொய்ம்மா! ஆறு வருஷமா நான்தான் எல்லாம் செஞ்சேன்!"

"அப்ப ஆறு வருஷமாவே சட்டத்தை மீறியிருக்கீங்கன்னு எழுதிக்கலாமா?" என்றார் தலைவி. டைப்பக்கா உட்கார்ந்துவிட்டாள். டாக்டரைத் துரோகி என்று மனதுக்குள் திட்டினாள்.

"காதை எப்படிச் சோதிச்சீங்க?"

"அது... முதல் வரி எப்பவும் அதுதாங்க."

தலைவி கடிதத்தைப் புரட்டி மிச்சத்தையும் வாசித்தார்: 'ஒவ்வொரு குழந்தையையும் முதலில் என் அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்தி, பின்னால் நின்று மெதுவாகப் பேசிப் பார்ப்பேன். காது கேட்கிறது என்று உறுதியானால்தான் வெளியே அனுப்புவேன்.'

கதவு சாத்தியிருந்த அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்துக் கொஞ்சுகிறார் என்றுதான் பத்தொன்பது வருடமும் இவள் நம்பிக்கொண்டிருந்தாள். பொய்யனின் கடிதத்தில் அந்த ஒரு பத்தி மட்டும் உண்மை.

உத்தரவைக் கையில் கொடுத்தார்கள். இனி யாரையும் சோதிக்கக் கூடாது, அறிக்கை எழுதக் கூடாது, எந்தக் குழந்தையிடமும் சோதனைக் கேள்விகளைக் கேட்கக் கூடாது; மீறினால் சிறை. பெட்டியையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே நடைபாதை பெஞ்சில் அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது. காதில் கருவி. இவளைப் பார்த்ததும் எழுந்து வந்தது.

"அத்தை, அன்னைக்குக் கட்டை அடுக்கினதும் என்னமோ கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, என்ன அது? இப்பக் கேளுங்க, நான் சொல்றேன்."

இஸ்திரிக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டைப்பக்கா உத்தரவை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள்.

"மறந்துபோச்சு கண்ணு."

"ஒண்ணுகூடவா ஞாபகம் இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல" என்றாள். இருபத்தெட்டும் வரிசை மாறாமல் நாக்கு நுனியில் நின்றுகொண்டிருந்தன.