பரண்மேல் வைத்த சட்டி

என் மனைவியின் மெட்டியை வெட்டி எடுக்க வேண்டி வந்த அன்றுதான் அவளுக்கு உடம்பு சரியில்லை என்பதை நான் ஒப்புக்கொண்டேன். அதற்கு முன் ஆறேழு மாதமாகவே கிணற்றிலிருந்து குடம் தூக்கி வரும்போது பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். நான் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையை ஓட்டிக்கொண்டே அதைப் பார்ப்பேன். கவலை மாடுகூட இத்தனை தடவை நிற்பதில்லை என்று ஒரு நாள் கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். சிரித்து முடிக்க மூச்சு போதாமல் இருமினாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பிறகு கால் வீங்கியது. மெட்டி சதைக்குள் போய்விட்டது. எண்ணெய் போட்டும் கழலவில்லை. ஆசாரி வந்து இரண்டு கால் மெட்டியையும் வெட்டி எடுத்தார். எடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது கால் நோவு மாதிரித் தெரியவில்லை, பெங்களூருக்குக் கூட்டிப் போ என்று தெலுங்கில் சொன்னார். கட்டினவனுக்குத் தெரியாதது மெட்டி வெட்ட வந்தவருக்குத் தெரிந்திருந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. பாகலூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஜில்லா சேலம் என்பது காகிதத்தில்தான். பெரிய வியாதி வந்தால் எல்லோரும் பஸ் ஏறுவது பெங்களூருக்குத்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்திவிட்டு விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது. அவர் திரும்பிக் காகிதம் எடுத்த நேரத்தில் அவள் என்னிடம், "இதுல ராகி நாத்து நடலாம் மாமா" என்றாள். அவள் என் அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். பயம் வந்தால் இப்படித்தான் ஏதாவது பேசுவாள்.

டாக்டர் கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். இருதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளுகிற பலம் இல்லை, அதனால் உடம்பில் நீர் தேங்குகிறது. சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இருதயத்தைக் கெடுத்திருக்கலாம். முழுதாகக் குணமாகாது, பார்த்து நடந்தால் இரண்டு மூன்று வருஷம் நன்றாக இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். தினம் ஒரு மாத்திரை. நீர் ஏறினால் ஓசூரிலேயே ஊசி போட்டுக்கொள்ளலாம். குடம் தூக்கக் கூடாது. குழந்தை வேண்டாம். எங்களுக்கு அதுவரை குழந்தை இல்லை, அதைக் கேட்டபோது அவள் தலை குனிந்துகொண்டாள். எல்லாம் சொன்ன பிறகு டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: உப்பு கூடாது, ஒரு கல் கூடக் கூடாது. வீட்டுச் சமையலில் அது நடக்காது, இவளுக்கென்று தனிச் சட்டி வைத்துத் தனியாகப் பொங்கிக் கொடுங்கள். மாத்திரை பாதி, இது பாதி.

திரும்பி வரும்போது ஓசூரில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். சாலை ஓரத்தில் ஒருவர் மண்பாண்டம் பரப்பி வைத்திருந்தார். அவளே போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஒரு சின்னச் சட்டியை எடுத்தாள். ஒரு ஆளுக்குச் சோறு பொங்கலாம், அவ்வளவுதான் கொள்ளும். பாகலூர் வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சின்னப் பிள்ளை சொப்பு வாங்கி வருவது மாதிரி இருக்கிறது என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாகத் தனக்கென்று ஒரு சட்டி கிடைத்திருப்பதாகச் சொன்னாள்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனும் நானும் ஒன்றாக இருந்தோம். அப்பா போன பிறகும் நிலம் பிரியவில்லை. அண்ணிதான் சமையல், எல்லோருக்கும் ஒரே அடுப்பு. எங்கள் பங்காளிகள் வீடுகளெல்லாம் பிரிந்துவிட்டன. எங்கள் பக்கத்தில் நிலம் பிரிவதற்கு முன்னால் அடுப்புதான் பிரியும். ஒரு வீட்டில் புதிதாக இன்னொரு அடுப்பு பற்றினால் போதும், அண்ணன் தம்பிக்கு ஆகவில்லை என்று அன்று சாயங்காலமே ஊர் பேசிவிடும். குந்தாரப்பள்ளி சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால் தெரிந்தவர்கள், "இன்னும் ஒரே அடுப்புதானா?" என்று அண்ணனைக் கேட்பார்கள். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். எனக்கும் நெஞ்சு நிமிரும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பெருமை அவருக்கு மட்டும் இருந்ததில்லை.

அந்தச் சமயம் அண்ணன் மகளுக்குப் போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல இடம். பெண் வீட்டைப் பற்றி விசாரிக்கும்போது அவர்கள் நிலத்தைக் கேட்கவில்லை, அடுப்பு எத்தனை என்றுதான் கேட்டார்களாம். இந்த நேரத்தில் நான் கையில் சட்டியோடு வந்து நிற்கிறேன்.

டாக்டர் சொன்னதை எல்லாம் அண்ணன் முழுதாகக் கேட்டுக்கொண்டார். அவர் கல் மனசுக்காரர் இல்லை. குடம் தூக்க அன்றைக்கே ஓர் ஆள் ஏற்பாடு செய்தார். சட்டி விஷயம் வந்தபோது மட்டும் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடுப்பு ரெண்டாச்சுன்னா ஊடு ரெண்டாச்சுன்னுதான்டா ஊரு பேசும். பொண்ணு கல்யாணம் முடியட்டும். அப்பறம் நீ பத்து சட்டி வெச்சிக்க" என்றார்.

நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதே அடுப்பில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாமே என்றுகூடக் கேட்கவில்லை. உயிர் போகிற விஷயம் என்று டாக்டர் என்னிடம்தானே சொன்னார். நானே ஏணி வைத்து ஏறிச் சட்டியைப் பரண்மேல் வைத்தேன். அவள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வைக்கோல் சுத்தி வை மாமா, ஒடைஞ்சிடப் போவுது" என்றாள். சுற்றி வைத்தேன்.

அண்ணி நல்லவள். குழம்பில் உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்துத் தனியாக வைப்பாள். பத்துப் பதினைந்து நாள் அது சரியாக நடந்தது. பிறகு ராகி அறுப்பு வந்தது, வயலுக்கு ஆட்கள் வந்தார்கள், பெரிய பாத்திரத்தில் சமையல். அவசரத்தில் கை தானாக உப்பு ஜாடிக்குப் போய்விடும். போட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள். என் மனைவி அதைப் பெரிதுபடுத்தமாட்டாள். களியும் வெறும் மோரும் போதும் என்பாள். ஒரு நாள் நான் கொல்லைப் பக்கம் போனபோது அவள் குழம்பிலிருந்து அவரைக்காயைப் பொறுக்கித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்றேன். உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றாள். நான் சரி என்று வந்துவிட்டேன். இந்த 'சரி'யைத்தான் நான் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறேன்.

படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரோரம் உமி மூட்டையைச் சாய்த்து அதில் சாய்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள். இரண்டு முறை ஓசூருக்குப் போய் ஊசி போட்டு வந்தோம். ஊசி போட்டால் நீர் இறங்கிவிடும். இரண்டாவது தடவை வந்த மறுநாள் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டி, "காணாம போனவ திரும்பி வந்துட்டா பாரு" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிச்சயமாகியிருந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்கென்று அவளுக்குப் புது மெட்டி செய்து போட்டேன். அதே ஆசாரிதான் செய்தார். அவர் கொஞ்சம் தளர்வாகவே செய்திருந்தார்.

வைகாசியில் கல்யாணம். மூன்று நாள் வீடு நிறைய ஜனம். தனக்கென்று ஒரு கிண்ணம் தயிர்சோறு உப்பில்லாமல் எடுத்துக்கொண்டு அவள் பின்கட்டில் இருந்தாள். முகூர்த்தம் முடிந்து சம்பந்திப் பந்தி. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதில் உட்காராமல் இருந்தால் மனஸ்தாபம் என்று அர்த்தம். சின்ன சம்பந்தியம்மாவைக் காணோமே என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டாளாம். அண்ணி கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் வந்தாள். அவள் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை, கேட்டதை மட்டும் சொன்னாள். உடம்பு சரியில்லை என்று நான் பந்தியில் போய்ச் சொல்லியிருக்கலாம். நோயாளி இருக்கிற வீடு என்று பேர் வருமே என்று பயம். நான் பின்கட்டுக்குப் போனேன்.

"இன்னிக்கு ஒரு நாளு எல்லாரோடவும் சாப்ட்ரு. நாலு பேரு பாக்கறாங்க" என்றேன்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுப் புடவையைச் சரி செய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். சாம்பார், ரசம், அப்பளம், ஊறுகாய் எல்லாம் சாப்பிட்டாள். மாப்பிள்ளையின் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து உபசாரம் செய்தாள். நான் பரிமாறிக்கொண்டே எட்ட நின்று பார்த்தேன். எத்தனையோ மாதம் கழித்து அவள் உப்புள்ள சாப்பாட்டை ருசித்துச் சாப்பிடுகிறாள் என்று தோன்றியது. அதில் எனக்கு ஒரு திருப்திகூட வந்தது. மனுஷன் எவ்வளவு மடையனாக இருக்கலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஒரு நாள் என்றேன், மூன்று நாள் ஆனது.

நாலாம் நாள் புது மெட்டி சதைக்குள் போய்விட்டது. ஆசாரியை மறுபடியும் கூப்பிட எனக்கு வெட்கமாக இருந்தது, நானே அரத்தால் ராவி எடுத்தேன். பெங்களூரில் அதே டாக்டர்தான். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காகிதத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். இந்தத் தடவை நீர் முழுதாக இறங்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "இனிமே சட்டிய எறக்கலாமில்ல மாமா?" என்றாள். போனதும் முதல் வேலை அதுதான் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் ஆடிக்கு அழைத்த பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை எதிரே இன்னோர் அடுப்பா என்று எனக்குக் கை வரவில்லை. மாப்பிள்ளை போகட்டும் என்று அவளிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் "ம்" என்றாள். அவர் நான்கு நாள் இருந்தார். அவர் கிளம்பிய மறுநாள் காலை, ஒரு பாத்தி தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போய்ச் சட்டியை இறக்கலாம் என்று கவலை ஓட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. அவள் உமி மூட்டையில் சாய்ந்த மேனிக்கே போயிருந்தாள்.

சட்டி அடுப்பில் ஏறியிருந்தாலும் அவள் வெகு காலம் இருந்திருப்பாள் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. இரண்டு வருஷம், மூன்று வருஷம். அந்த இரண்டு மூன்று வருஷத்தைத்தான் நான் ஊர்ப்பேச்சுக்குக் கொடுத்துவிட்டேன். வெகு நாள் கழித்து ஒரு முறை குந்தாரப்பள்ளி சந்தையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் சம்பந்தமே இல்லாமல், "நீ ரெண்டாந்தரம் கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு அடங்கிவிட்டது. அவர் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டார். நான்தான் கேட்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அவளுக்குப் பதினோராம் நாள் நடந்தது. பிள்ளை இல்லாததால் நானே காரியம் செய்ய வேண்டும். செய்து வைக்க வந்தவர், அவளுக்குப் படைக்கிற சோற்றை வீட்டு அடுப்பில் பொங்கக் கூடாது, வெளியே மூன்று கல் கூட்டித் தனியாகப் பொங்க வேண்டும், புதுச் சட்டி வேண்டும் என்றார். அண்ணன் உள்ளே போனார். ஏணி சாத்துகிற சத்தம் கேட்டது. சட்டியோடு வந்தார். நான் சுற்றி வைத்த வைக்கோல் அப்படியே இருந்தது. அண்ணி அதைப் பிரித்தாள். அண்ணன் குனிந்து மூன்று கல்லையும் கூட்டி, சுள்ளி ஒடித்துப் போட்டு, அவர் கையாலேயே பற்ற வைத்தார்.

வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டில் இரண்டாவது அடுப்பு எரிந்தது. யாரும் எதுவும் பேசவில்லை.

நான் அரிசியைக் களைந்து போட்டேன். பழக்கதோஷத்தில் அண்ணி உப்பு ஜாடியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டாள். காரியம் செய்து வைத்தவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு, "உப்பு கூடாதுப்பா. ஒரு கல்லு கூடக் கூடாது" என்றார். நான் தலையாட்டினேன். சின்னச் சட்டி, சோறு சீக்கிரம் பொங்கிவிட்டது. சரியாக ஒரு ஆளுக்கு இருந்தது.