எங்கள் கடவுக்கு ஐந்து நட்சத்திரம்

போன ஞாயிறு மதியம், குழித்துறையில் எங்கள் வீட்டு முன்னால் இரண்டு கார்கள் வந்து நின்றன. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் தலையை நீட்டி, "ப்ரோ, சீக்ரெட் ஃபால்ஸ் எந்தப் பக்கம்?" என்றார்.

இரண்டு கார் நிறைய ஆள் தேடி வரும் ரகசியம்!

அது அருவியே இல்லை. எங்கள் தெருவுக்குக் கீழே குழித்துறைத் தாமிரபரணி ஆற்றில் ஒரு கடவு – குளிக்கிற படித்துறை. பக்கத்தில் நாலு பாறை. தண்ணீர் என் இடுப்பளவு உயரத்திலிருந்து விழும். சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை கடவு பெண்களுக்கு. அந்த நேரத்தில் ஆண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டோம். போர்டு கிடையாது... எல்லோருக்கும் தெரியும்.

அதை உலகத்துக்கு அறிவித்த மகான் யார்? அடியேன்தான்.

சிதறால் மலை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி எல்லாம் செல்போன் மேப்பில் இருக்கின்றன. நம் கடவு மட்டும் இல்லையே என்று எனக்கு ஒரு குறை. எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவன் நான். படித்தவன் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? தரையில் படுத்துக்கொண்டு போட்டோ எடுத்தேன். படத்தில் இடுப்பளவு தண்ணீர் மலையிலிருந்து கொட்டுகிற மாதிரி விழுந்தது. மேப்பில் 'சீக்ரெட் ஃபால்ஸ்' என்று பெயர் வைத்து, 'மறைந்திருக்கும் சொர்க்கம்' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஐந்து நட்சத்திரமும் போட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் மாற்றுத் துணியோடு கடவுக்குப் போன மைனி – என் அண்ணன் மனைவி – தலை நனையாமல் திரும்பி வந்தார்.

"வாரும் படிச்ச கொழுந்தனாரே! அங்க ஒருத்தன் என்னப் பாத்து, 'ஆன்ட்டி, தள்ளி நில்லுங்க, ஃப்ரேம்ல வர்றீங்க'ன்னு சொல்லுதான். நான் அவன் ஃப்ரேமுக்கா போனேன்? குளிக்கல்லா போனேன்!"

"வீட்டுலதான் பாத்ரூம் இருக்கே மைனி..."

"இருக்கு. அதுக்குள்ள நாலு பேரு நின்னு சிரிச்சுப் பேசிக் குளிக்க முடியுமா?" முந்திரி ஆலையில் வேலை மைனிக்கு. "வாரம் முழுக்க அண்டி ஆபீசுல தலை நிமிராம இருக்கேன். எனக்குன்னு உள்ளது அந்த ரெண்டு மணிக்கூருதான். அதையும் போட்டோ பிடிச்சுக் குடுத்திட்டீரே!"

என் பதிவை உடனே அழித்தேன். வந்தவர்கள் போட்ட படங்களை என்ன செய்வது? அதற்குக் கீழே போய், 'அருவி இல்லை. வழுக்கும். அட்டை கடிக்கும்' என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் குத்தினேன்.

புதன்கிழமை ஒரு வேனே வந்தது. அட்டை இருக்கிறதாமே... அப்படியானால் ஒரிஜினல் காடாம்! இதே ஆற்றில் ஊர்க்காரன் குளித்தால் பின்தங்கிய பகுதி. வெளியூர்க்காரன் குளித்தால் நேச்சர்.

மைனி தீர்ப்பு சொன்னார்: "கூப்பிட்டது நீருதான? நீரே திருப்பி அனுப்பும்."

இப்போது தினமும் நாலு முதல் ஆறு வரை, ஆற்றுக்கு முதுகு காட்டியபடி தெருமுனையில் நிற்கிறேன். பின்னால் துணி துவைக்கும் சத்தம், சிரிப்பு. முன்னால் கார்கள். "சிதறால் மலைக்குப் போங்க சார், சூரியன் மறையறதப் பாக்கலாம்" என்று கும்பிட்டுத் திருப்பி விடுகிறேன்.

நேற்று ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க டூரிசம் டிபார்ட்மென்ட்டா?"

"இல்ல சார்... குற்றவாளி."