ஏழுமலை அண்ணனுக்கு நான் அடித்த தப்பான போஸ்டர்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார்.

போனது செவ்வாய்க்கிழமை. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் அவர் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன்...

இங்கே பல பேருக்கு அவரைத் தெரியாது. தியாகதுருகத்தில் நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடையில் ஒன்பது வருடம் என்னோடு இருந்தவர். நான் டிசைன் செய்வேன், அவர் அதைச் சட்டத்தில் அடித்து, ஏணி வைத்து ஏறிக் கட்டுவார்.

இரண்டு வருடத்துக்கு முன் வெளிநாடு போனார். அங்கேயும் அதே போர்டு மாட்டும் வேலைதான். உடல் இன்னும் வரவில்லை, பேப்பர் வேலை முடியும்வரை நாட்டின் பெயரைப் போட வேண்டாம் என்று அவருடைய அண்ணன் கேட்டுக்கொண்டார். அதனால் எழுதவில்லை.

ஒரு ரொட்டிக் கடைக்குப் பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில் அந்தக் கட்டடத்தின் மேல் ஏவுகணை விழுந்தது. கீழே ரொட்டி வாங்க வரிசையில் நின்றவர்களும் போய்விட்டார்கள்.

இரண்டு நாடுகளின் சண்டை. அதில் தியாகதுருகத்துக்காரர் எப்படி வந்தார்? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

போன மாதம் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "தூரத்துல டமால் டமால்னு கேட்டுக்கினுதான்டா கீது. நம்மள எதுக்கு அடிக்கப் போறானுங்க? நாம போர்டு மாட்டற ஆளு."

நானும் ஒரு சிரிப்பு ஸ்மைலி அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். பத்திரமாக இருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. பாவி.

அவர் இங்கே இருந்தபோது ஒருமுறை கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போர்டு கட்டப் போனோம். ஏணி மேலே நின்றபடி பிளேடை எடுத்து, ஃப்ளெக்ஸில் அங்கங்கே அரைவட்டமாகக் கீறிவிட்டார். ஒரு கீறல் மாப்பிள்ளையின் கன்னத்திலேயே விழுந்தது.

"இன்னாய்யா, மூஞ்ச கிழிச்சி வெச்சிகிற?" என்று மாப்பிள்ளையின் மாமா சண்டைக்கு வந்துவிட்டார்.

"காத்து போவ வழி உடலன்னா மாப்பிள்ளையே பறந்து பூடுவாருங்க" என்றார் அண்ணன். கோபமாக வந்தவரே சிரித்துவிட்டார். சாயங்காலம் அடித்த காற்றில் மற்ற போர்டெல்லாம் மரவள்ளிக் காட்டில் கிடந்தது, இது மட்டும் நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

எங்கள் கடையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒரு ஃபைல் ரெடியாக இருக்கும். இரண்டு புறா, ஒரு விளக்கு, கீழே 'இயற்கை எய்தினார்'. பெயர், போட்டோ, தேதி மாற்றினால் போதும், பத்து நிமிட வேலை. பிரிண்ட் போடும் முன் அண்ணன்தான் சத்தமாக வாசித்துப் பார்ப்பார். ஒருமுறை முந்தின நாள் இறந்தவர் பெயரை மாற்றாமல் விட்டிருந்தேன். "டேய், ஒரே ஆளு ரெண்டு வாட்டியா சாவாரு?" என்று தலையில் தட்டினார்.

அந்த ஃபைலைத்தான் அவருக்கும் திறந்தேன். பெயரை டைப் செய்தது, போட்டோ வைத்தது எல்லாம் நினைவிருக்கிறது. கீழே இருந்த வரி கண்ணில் படவே இல்லை.

மறுநாள் காலை அவர் மனைவி அமுதா அண்ணி கடைக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டு சுவரில் இருந்து கிழித்த போஸ்டர் கையில். பசை கூடக் காயவில்லை.

"இயற்கையாவா செத்தாரு, சரவணா?"

"மாத்திடறேன் அண்ணி... இன்னான்னு போடட்டும்?" என்றேன். என்ன போடுவதென்று யாருக்குமே தெரியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அண்ணியோடு வந்திருந்த ஏழுமலை அண்ணனின் அண்ணன், "விபத்துன்னு போடு. கம்பெனிக்காரன் அப்படித்தான் எழுதி அனுப்பிகிறான்" என்றார். கூட வந்த ஒருவர், வீர மரணம் என்று போட்டால் மரியாதையாக இருக்கும் என்றார்.

"அவரு இன்னா சண்டைக்கா போனாரு? ஏணி மேல நின்னுக்கினு இருந்தாரு" என்றார் அண்ணி.

செய்திகளை மொழிபெயர்த்துப் படித்துப் பார்த்தேன். முதல் நாள் ஒரு ராணுவம், ஆயுதக் கிடங்கைத்தான் அடித்தோம் என்றது. மறுநாள் அதே ராணுவம், அது எங்களுடையதே இல்லை, எதிரி விட்டது வழிதவறி விழுந்தது என்றது. எதிரியும் அதையே திருப்பிச் சொன்னான். இப்போது இரண்டு பேருமே விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

ஏவுகணையை விட்டவன் யாரோ ஒருவன் இருப்பான்தானே? அது ரொட்டிக் கடை என்று அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால் எனக்குக் கோபம் வரும். தெரியாது என்றால்... அப்போதும் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அண்ணி கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கொன்னாங்கன்னு போடு" என்றார்.

"யாருன்னு கேட்டா இன்னா சொல்றது?" என்றார் அண்ணனுடைய அண்ணன்.

"அதுக்கு எடம் உட்டு வை, சரவணா. அவனுங்க ஒத்துக்கற அன்னிக்கி நானே பேனாவால எழுதிக்கிறேன்."

அப்படியே அடித்தேன். புறாவை எடுத்துவிட்டேன். 'ஏணியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தவரைக் கொன்றவர்கள்:' என்று போட்டு, பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளையாக விட்டேன்.

நேற்று நானே போய் ஒட்டினேன். கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவர் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "இன்னாபா, இந்த எடத்துல பிரிண்ட் வுழலயா?" என்று கேட்டார்.

இல்லைங்க, வேணும்னே உட்ட எடம், என்றேன்.

உடல் எந்த நாள் வரும் என்று இன்னும் சொல்லவில்லை. வரும் நாளில் ஏர்போர்ட்டுக்கு அண்ணியோடு நானும் வருகிறேன், அண்ணே.