கம்பஸுக்குப் போன ரோல்ஸ்

பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தபோது நான் பாண், அதாவது பிரெட், சுடும் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் வாய் நிறைய முட்டை சாண்ட்விச்சோடு இருந்தேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "உங்கள் விண்ணப்பம் தொடர்பாக நேரில் பேச வேண்டியிருக்கிறது, வியாழக்கிழமை வரவும்" என்பதுதான் முழுச் செய்தி. எடுத்துவிட்டோம் என்றும் இல்லை, எடுக்கவில்லை என்றும் இல்லை. எதிரில் இருந்த தம்பி ஒருவர், எங்கள் லைனில் பாண் அடுக்குகிறவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன அண்ணை, ஊரிலை ஆரும் செத்துப் போச்சினமோ?"

"இல்லையடாப்பா. கம்பஸிலை கூப்பிடுறாங்கள்."

"பென்சன் எடுக்கிற வயசிலை கம்பஸோ? பேந்து பேரப்பிள்ளையோடை ஒண்டா கிளாசுக்குப் போகலாம், பொறுங்கோ."

அவரில் பிழையில்லை. கனடாவில் பிரெஞ்சு பேசுகிற இந்த மாகாணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் செஜெப் என்று ஒரு கல்லூரி இருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைகள் அதில் இரண்டு வருடம் படித்துவிட்டுப் பறந்துபோவார்கள். நான் பகலில் பாண் அடுக்கி, பின்னேர வகுப்புகளுக்குப் போய், பறக்கத் தெரியாத கோழிபோல அதைப் பல வருடங்கள் கொத்திக் கொத்தி முடித்தேன். முடித்த கையோடு புவியியலில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தேன். ஜோன்-தலோன் மெட்ரோ ஸ்டேஷனில் இன்றைக்கும் பிழையான வாசலால் வெளியே வருகிற ஒரு மனிதனுக்குப் புவியியல்.

சிரிக்கலாம். நானும் சிரித்துத்தான் சமாளிக்கிறேன். ஆனால் எங்களூரில் பல்கலைக்கழகம் என்று யாரும் சொல்வதில்லை. கம்பஸ் என்றுதான் சொல்வார்கள். "அவனுக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது" என்று ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால் அந்த வீட்டுக் கேற்றுக்கே ஒரு மரியாதை வந்துவிடும். எனக்கும் போதுமான புள்ளிகள் இருந்தன. அனுமதி வந்த நேரம் நான் கொழும்பில் ஒரு லொட்ஜில், சன்னலைத் திறக்கக்கூடாது என்ற கட்டளையோடு, வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்காகக் காத்திருந்தேன். அதற்குப் பிறகு எந்த நாட்டில், எந்த பஸ்ஸில் போனாலும், புத்தகப்பையோடு பிள்ளைகள் இறங்குகிற தரிப்பு வந்தால் என் கழுத்து தானாகத் திரும்பும். மகளின் பட்டமளிப்பு நாளில் அவள் கழற்றிக் கொடுத்த கறுப்பு அங்கியைக் கையில் வைத்திருந்தேன். படம் எடுத்து முடிந்த பிறகும் கொடுக்க மனம் வரவில்லை. "அப்பா, அது வாடகை, தாங்கோ" என்று இழுத்து வாங்கினாள்.

வியாழக்கிழமை காலை, வில்லரேயில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் எண்ணெய்ச் சத்தம் கேட்டது. மனைவி ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன விடியக்காலமை?"

"வெறுங்கையோடையோ போகப்போறியள்? ஒரு அலுவலா ஒருத்தரிட்டைப் போறியள். கூப்பிட்ட மனிசிக்கு ஏதும் குடுக்கத்தானே வேணும்."

மகள் கோப்பிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, அங்கை அப்பிடி ஒருத்தரும் கொண்டு போறேல்லை. இட்ஸ் வியர்ட்."

"நீர் சும்மா இரும். சாப்பாட்டை வேண்டாமெண்டு சொல்லுற மனிசர் எந்த நாட்டிலை இருக்கினம்?"

இரண்டு பேருக்கும் நடுவில் நான் யார் பக்கம் நிற்பேன்? சூடாக இருந்த ரோல்ஸ் பெட்டியின் பக்கம்தான். மெட்ரோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பெட்டி முழுவதும் மிளகு வாசம். பக்கத்தில் இருந்தவர் எழுந்து தள்ளிப் போனார். எதிரில் இருந்தவர் கிட்ட வந்தார்.

பல்கலைக்கழகத்தில் என்னைக் கூப்பிட்ட ஆலோசகர் என் மகளைவிட ஓரிரண்டு வயது மூத்தவராக இருப்பார். போன்ஜூர் சொன்னேன். கதிரையில் இருந்தேன். பெட்டியை மேசையில், அவருக்கு முன்னால், இரண்டு கையாலும் வைத்தேன்.

அவருடைய கதிரை சில்லுகளில் மெல்லப் பின்னால் போனது.

"மன்னிக்க வேண்டும், விண்ணப்பம் முடிவாகாதவர்களிடம் நாங்கள் எதையும் வாங்கக்கூடாது" என்றார் பிரெஞ்சில், மிகவும் அன்பாக.

அப்போதுதான் எனக்கு மண்டைக்குள் விளங்கியது: நான் கனடாவின் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இலஞ்சம் கொடுக்க முயன்றிருக்கிறேன். அதுவும் ரோல்ஸில். இது என் கோப்பில் ஏறும். குடிவரவுக்காரருக்குப் போகும். குடியுரிமையைத் திருப்பி எடுப்பார்கள். மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அவர் அங்கேயும் வெறுங்கையோடு வரமாட்டார்.

"இலஞ்சம் இல்லை மேடம், இது உருளைக்கிழங்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. உருளைக்கிழங்கை எப்படி அவிப்பது, இறைச்சியை எவ்வளவு சிறிதாக வெட்டுவது, முட்டையில் தோய்த்துப் பாண் தூளில் எப்படிப் பிரட்டுவது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் செலவழித்தேன். வருடக்கணக்காக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று இருந்தது: ஏன் புவியியல், ஏன் இந்த வயதில், ஏன் விடமுடியவில்லை என்று. அதில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரையைக் காட்டிக் காட்டி ஏதோ நிறைய விளக்கினார். நான் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வுயி, வுயி, மெர்சி என்று தலையாட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, என்னை எடுத்தார்களா இல்லையா என்று எனக்கே தெரியாது.

திரும்பிப் போய்க் கேட்கக் கால் வரவில்லை. இல்லை என்றால், இந்தக் கட்டடத்துக்குள் நான் நிற்கக்கூடிய கடைசி நாள் இதுதான். ஆகவே கொஞ்ச நேரம் நின்றேன். சோபாவில் சப்பாத்தோடு நித்திரை கொள்ளும் பிள்ளைகள், கோப்பி மெசினைக் குத்தும் பிள்ளைகள், சுவரில் யாரோ அறை தேடும் அறிவித்தல். ஒரு பெரிய விரிவுரை மண்டபத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே போகிற கூட்டத்தோடு நானும் போய்க் கடைசி வரிசையில் இருந்துவிட்டேன்.

ஆறு ஏன் நேராக ஓடுவதில்லை என்பது அன்றைய பாடம். பேராசிரியை கரும்பலகையில் ஒரு வளைவைக் கீறி, வெளிப்பக்கம் தண்ணீர் கரையை அரிக்கிறது, உட்பக்கம் மணலைப் போட்டுவிட்டுப் போகிறது என்றார். செஜெப்பில் படித்த விஷயம்தான். ஆனாலும் சட்டைப்பையில் இருந்த பாண் கடை ரசீதின் பின்பக்கத்தில் அந்த வளைவைக் கீறினேன். காலை முழுவதும் விளங்காத பிரெஞ்சு அந்த வரிசையில் இருந்தபோது முழுக்க விளங்கியது.

பக்கத்துப் பொடியன் மெதுவாகக் குனிந்தான். "மிசியே, அது என்ன வாசம்?"

பெட்டியைத் திறந்தேன். அது வரிசையின் மறுமுனை வரை போய் வெறுமையாகத் திரும்பி வந்தது. பதினெட்டு வயதில் நான் வந்திருக்க வேண்டிய இடம் இதுதான், இப்படி ஒரு கடைசி வரிசைதான். அவர்கள் விரலை நக்குவதைப் பார்த்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். நல்ல காலம், காரம் என்று நினைத்திருப்பார்கள்.

வகுப்பு முடிந்ததும் எழுந்து நேராக ஆலோசகரின் கதவைத் தட்டினேன்.

"மேடம், நீங்கள் சொன்னது ஒன்றும் நான் கேட்கவில்லை. பயத்தில் இருந்தேன். என்னை எடுத்தீர்களா?"

அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தார். செஜெப் பாடங்களை ஏற்றுக்கொண்டோம், புள்ளிவிபரவியல் மட்டும் குறைகிறது, கோடையில் அதைச் செய்து சித்தியடைந்தால் செப்டெம்பரில் வரலாம் என்றார். இந்த முறை ஒவ்வொரு வசனத்தையும் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

கோடை முழுவதும் மகள் எனக்குப் புள்ளிவிபரவியல் சொல்லித் தந்தாள். அவளுக்குப் பொறுமை தாயின் பக்கத்திலிருந்தும் வரவில்லை, என் பக்கத்திலிருந்தும் வரவில்லை. "அப்பா, கவனியுங்கோ" என்று மேசையில் தட்டுவாள். கவனித்தேன். மயிரிழையில் சித்தியடைந்தேன்.

செப்டெம்பரில் முதல் வகுப்பு முடிந்தது. என்னுடைய பெயரும் படமும் உள்ள அட்டை சட்டைப்பையில் இருந்தது. அடிக்கடி தொட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் படிகளில் நின்று எங்கே போவது, யார் வருகிறார்கள் என்று கத்திக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். குழு வேலையில் என்னோடு சேர்ந்த பெண்பிள்ளை திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்களும் வாறீங்களா, மிசியே? சும்மா எதிரே இருக்கிற கஃபேக்குத்தான்."

"எனக்குப் பின்னேரம் வேலை" என்றேன். உண்மைதான், பகல் வகுப்புகளுக்காகப் பாண் வேலையைப் பின்னேரத்துக்கு மாற்றியிருந்தேன்.

அவர்கள் தெருவைக் கடந்து போனார்கள். கஃபேயில் இரண்டு மேசைகளை இழுத்து ஒன்றாக்கிக்கொண்டு, ஒருவர் மடியில் ஒருவர் பையைப் போட்டுக்கொண்டு, யாருக்கும் எங்கேயும் போகவேண்டிய அவசரம் இல்லாமல் இருந்தார்கள். நான் எதிரில் பஸ் தரிப்பில் நின்றேன். கம்பஸ் கிடைத்துவிட்டது. அதோடு சேர்த்து அந்தப் பின்னேரங்களையும் தருவார்கள் என்று நான் எந்தக் காலத்திலோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலும்.

நான் ஏற வேண்டிய சென்-லோரோன் பஸ் வந்து கதவைத் திறந்தது. ஏறவில்லை. சாரதி என்னைப் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போனார். அடுத்தது வரும்வரை கஃபேயின் கண்ணாடிச் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.