குடியை நிறுத்தியவர் வீட்டில்

என் கணவர் குடியை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் அவர் இன்னொரு குடிகாரரைப் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் எனக்குப் பயம்தான்.

ஆவடியில் நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பறையில், ஞாயிறு சாயங்காலம் குடியை விட்டவர்கள் கூடுவார்கள். மனைவிமார் நாங்கள் அடுத்த அறையில் உட்காருவோம். புதிதாக யாராவது வந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, டீ கொடுத்து, "எப்ப வேணா கூப்பிடுங்க" என்று தன் போன் நம்பரையும் கொடுத்து அனுப்புவார் என் கணவர். கூப்பிட்டால் போவார். அவர் திரும்பும்வரை நான் அடுப்படிக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருப்பேன். வந்ததும், துவைக்கப் போடுகிற சாக்கில் சட்டையை முகர்ந்து பார்ப்பேன். அவருக்கும் அது தெரியும்.

போன மழைக்காலத்தில் கோவில்பதாகையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். கதவோரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கை நடுங்கிய நடுக்கத்தில் டீ சிந்திவிடும் என்று என் கணவர் அரை டம்ளர்தான் ஊற்றிக் கொடுத்தார். கிளம்பும்போது வாசல்வரை போய்ச் சொன்னார்: "தம்பி, நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. உடம்பு தாங்காது. நாளைக்கு நானும் வர்றேன், டாக்டரைப் பாத்துட்டு நிறுத்தலாம்."

"சரிங்கண்ணா" என்று தலையாட்டினார். மறுநாள் போனை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை அவர் மனைவி கூப்பிட்டாள். என் கணவருக்கு அன்று செகண்ட் ஷிஃப்ட், தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, கூட்டத்துலேர்ந்து வந்த பொறவு ஒரு சொட்டுகூடத் தொடலண்ணா. நல்லாத்தான் இருந்தாரு. இப்ப இன்னாமோ மாரி கீறாரு. செவுத்தப் பாத்துப் பேசிகினு கீறாரு. காத்து கருப்பு எதுனா அடிச்சிருக்குமா?"

என் கணவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும், "நானும் வர்றேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். வண்டியில் போகும்போது அவர் முதுகு விறைத்திருந்தது. "எனக்கும் ஒரு தடவை இப்படி வந்துச்சில்ல" என்று மட்டும் சொன்னார். எனக்கு மறக்குமா? அன்று அவர் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, என்னையே யாரோ என்று நினைத்து உதைத்தார்.

மாடியில் ஒற்றை அறை, ஒரு சமையல் மேடை, ஓரமாகக் குளியலறை. அவ்வளவுதான் அவர்கள் வீடு. லேத் ஓட்டுபவர் மூலையில் குந்தியிருந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"எறும்பு" என்றார் எங்களைப் பார்த்து. "ஊடு பூரா எறும்பு. மேல போலீஸு வேற நிக்கிறான்."

என் கணவர் அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தார். "நான் கூட இருக்கேன் தம்பி. ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். குரல் நிதானமாக இருந்தது.

அப்போது அந்தப் பெண் முந்தானைக்குள்ளிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்தாள். "பக்கத்து ஊட்டுக்காரருதான் சொன்னாரு, கொஞ்சம் ஊத்துனா அடங்கிடும்னு. கடை தொறக்கல, நானே போயி பிளாக்குல வாங்கியாந்துட்டேண்ணா. குடுக்கட்டுமா?"

மூலையில் இருந்தவர் பாட்டிலைப் பார்த்துவிட்டார். தவழ்ந்து அதை நோக்கிப் பாய்ந்தார். என் கணவர் சட்டென்று அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். "வேணாம்மா. இனிமே என்ன குடுக்கணும்னு டாக்டர் சொல்லட்டும். நான் இதைக் கொட்டிட்டு வர்றேன்." குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நானும் அவளும் அவள் கணவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தோம். என் காது முழுக்க அந்தக் கதவில்தான் இருந்தது. கொட்டுகிற சத்தம் கேட்க வேண்டும், குழாய் திறக்கிற சத்தம் கேட்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. மூடி திருகுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எதுவுமே இல்லை.

ஒரு பாட்டிலைக் கவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்? போய்க் கதவைத் தட்டலாம். தட்டினால் சந்தேகப்படுகிறேன் என்று ஆகும். தட்டாமல் நின்றால், அந்த நேரத்துக்குள் எங்கள் வீடே மறுபடி பழைய வீடாகிவிடலாம். எழுந்து போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். கையைத் தூக்கினேன். தட்ட வரவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு கை அகலம் திறந்தது. பாட்டில் குறையாமல் அப்படியே இருந்தது. அதைப் பிடித்திருந்த கையை உடம்பிலிருந்து எட்ட நீட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

"மூடியத் திறந்துட்டேன். அதுக்கு மேல என்னால முடியல. நீ வாங்கிக்க."

வாங்கிக்கொண்டேன். தரை ஓட்டையில் கவிழ்த்தேன். அந்த நெடி ஏறி வந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மக்கில் தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவர் விரலில் கொஞ்சம் சிந்தியிருந்தது. துணி சோப்பை எடுத்து, குழந்தைக்குக் கழுவுவதுபோல நானே கழுவிவிட்டேன். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"அக்கா!" என்று அந்தப் பெண் அலறினாள்.

ஓடி வந்தோம். அவள் கணவர் சாய்ந்து விழுந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார். அவள் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்துக்கொண்டிருந்தாள். என் கணவர் அவரை ஒருபக்கமாகப் புரட்டி, தன் சட்டையைக் கழற்றித் தலைக்கடியில் வைத்தார். "வாயில எதுவும் வைக்காதம்மா. அழுத்திப் பிடிக்காத. தானா நிக்கும்" என்றார். நின்றது. ஆனால் நிற்கும்வரை, இவர் நம் கண் முன்னாலேயே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவள் தாலியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் வந்தது; நாங்கள் வண்டியில் பின்னாலேயே போனோம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கையைக் கட்டிலோடு துணியால் கட்டி வைத்தார்கள். சின்ன வயது டாக்டர் ஒருத்தி என் கணவரிடம், "எப்ப நிறுத்தினாரு, எவ்வளவு குடிப்பாரு?" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஷிஃப்டுக்கு லீவு சொல்லிவிட்டு, சாயங்காலம்வரை அந்த வராண்டாவிலேயே இருந்தோம். லேத் ஓட்டுபவருக்கு ஜுரம் இறங்கி, மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் கிளம்பினோம்.

வண்டியை எடுக்கப் போகும்போது சொல்லியே விட்டேன். "இனிமே இந்த மாதிரி வீட்டுக்கெல்லாம் போகாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் பயம்தான்" என்றார். "ஆனா போகாம வீட்ல உக்காந்திருந்தா இன்னும் பயம். அந்தத் தம்பி நெலமையைப் பாக்கும்போதுதான், எங்க இருந்து வந்தேன்னு எனக்கு ஞாபகம் வருது." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "தனியாப் போக மாட்டேன். அத வேணா ஒத்துக்கறேன்" என்றார்.

லேத் ஓட்டுபவர் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மனைவியோடு கூட்டத்துக்கு வந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அன்றைக்கு நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. பொங்கல் சமயத்தில் ஒருமுறை வழுக்கிக் குடித்துவிட்டு, மறுபடி டாக்டரிடம் போய், மறுபடி வந்தார். இப்போது ஒழுங்காக வருகிறார். அவள் அடுத்த அறையில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். "பயம் எப்பக்கா போவும்?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்கு இன்னும் போகவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் என் கணவர் இன்னும் போகிறார். நானும் போகிறேன். சட்டையை முகர்ந்து பார்ப்பதை மட்டும் என்னால் விட முடியவில்லை.