கூரைக்கு எட்டாத சுவர்

“மழை பெய்யுறப்ப எவன் மாஸ்டர் பால் வெட்டுவான்?”

கேள்வி சுவருக்கு மேலாக வந்தது. நான் பாயில் உட்கார்ந்து என் முதல் கதையின் நாலாம் பக்கத்தை மனைவிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். கதையில் ஒரு பெண் கொட்டும் மழையில் இறப்பர் மரத்தில் பால் வெட்டியபடி அழுதுகொண்டிருந்தாள். கண்ணீரும் மழையும் பாலும் ஒன்றாகக் கலந்தன என்று எழுதியிருந்தேன். அந்த வரியில் எனக்கு மிகுந்த திருப்தி. சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் குடியிருந்த மதினிக்குத் திருப்தியில்லை. “பட்டை நனைஞ்சா பால் சிரட்டைக்கு வராதுங்க, மரம் பூரா வழிஞ்சு போயிரும். மழைன்னா எங்களுக்கு வேலையே இல்ல. அந்தப் புள்ளய வீட்டுக்கு அனுப்புங்க, வீட்டுல ஒக்காந்து அழட்டும்” என்றார். என் மனைவி கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். பின்பக்கத்துக் காம்பராவில் யாரோ இருமி இருமிச் சிரித்ததும் கேட்டது.

என் கதைகள் பதினெட்டு இப்போது புத்தகமாக வரப்போகின்றன. பழைய மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து செய்கிற காரியம். பதினெட்டும் அச்சகத்துக்குப் போய்விட்டன. பத்தொன்பதாவது கதை ஒன்று உண்டு. நான் எழுதியவற்றில் நல்லது அதுதான் என்று நினைக்கிறேன். அதைச் சேர்க்கலாமா, கூடாதா என்று சொல்ல வேண்டியவர் மதினி. என் வயதில் இரண்டாவது புத்தகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே சென்ற மாதம் முழுவதும் எனக்கு இதே கவலையாக இருந்தது.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு இறப்பர்த் தோட்டத்துப் பாடசாலையில் நான் ஆசிரியராக இருந்தேன். ஆசிரியர் விடுதியின் கூரை பழுது என்று, மூன்று மாதத்துக்கு மட்டும், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஓரறைக் காம்பரா ஒன்று கொடுத்தார்கள். பதினோரு வருடம் இருந்தேன். முன்பக்கம் ஆறு காம்பரா, பின்பக்கம் ஆறு, எல்லாவற்றுக்கும் ஒரே தகரக் கூரை. நடுச்சுவர் ஏழடி உயரம். அதற்கு மேல் தகரம் வரை நாலடி வெற்றிடம்; நானே அடிமட்டம் வைத்து அளந்தேன். அந்த நாலடி வழியாகப் பன்னிரண்டு வீட்டின் தாளிப்பு மணமும் இருமலும் சண்டையும் தாலாட்டும் போய் வந்தன. நான் வந்த முதல் நாளே மதினியின் கணவர் என்னைத் தம்பி என்றார். அதனால் அவர் அண்ணன், இவர் மதினி. மதினிக்கு நாளொன்றுக்கு முந்நூறு மரம். விடியற்காலையில் போனால் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஒரு மணிக்குத் திரும்பிவிடுவார். பாடசாலை முடிந்து நான் எழுதியதைப் படிக்கிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். அவர் சொன்ன திருத்தங்களைச் சிவப்புப் பென்சிலால் குறித்துவைத்தேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் ஏழைத்தான் நான் ஏற்கவில்லை. அந்த ஏழும் இப்போது படிக்கும்போது உறுத்துகின்றன.

நான் எழுதப் பழகியது அந்தக் கூரையின் கீழ்தான். எங்கள் பக்கத்து மழை தகரத்தில் விழுந்தால் மடியில் இருக்கும் குழந்தை அழுவதுகூடக் கேட்காது. லயத்தில் கதை சொல்பவர் மழை வலுக்கும்போது நிறுத்துவார்; கொஞ்சம் ஓய்ந்தால் ஒரு வாக்கியம் சொல்வார்; மறுபடி வலுக்கும். அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டுமென்பதால் அதில் வேண்டாத சொல் ஒன்றும் இருக்காது. என் வாக்கியங்கள் சிறியவை என்று ஒருமுறை பாராட்டி எழுதியிருந்தார்கள். அந்தப் பாராட்டு மழைக்கும் தகரத்துக்கும் போக வேண்டியது. இன்னொன்றும் உண்டு. லயத்தில் எந்தக் கதையும் நடுவிலிருந்துதான் தொடங்கும். “அப்புறம் அவ என்னா செஞ்சா தெரியுமா?” என்று ஆரம்பித்தால் போதும். அவள் யார், அதற்கு முன் என்ன நடந்தது என்பதெல்லாம் சுவருக்கு மேலாக ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். கொழும்புப் பத்திரிகைக்காரர்கள் என் கதைகளைத் திருப்பி அனுப்பும்போதெல்லாம், பாத்திரங்கள் யாரென்று விளங்கவில்லை என்று எழுதினார்கள். விளங்காமல் எப்படி இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் அந்த நாலடிக்கு ஒரு வழக்கம் இருந்தது. உப்புக் கேட்கலாம், மணி கேட்கலாம், மாஸ்டரின் கதையில் குறை சொல்லலாம். ஒரு வீட்டின் சொந்த விஷயம் காதில் விழுந்தால் மட்டும், அது விழாததுதான். சம்பந்தப்பட்டவர் முன்வாசல் வழியாக வந்து தாமே சொல்லும்வரை அது யாருக்கும் தெரியாது. தண்ணீர்க் குழாயடியில் பத்துப் பேர் நிற்பார்கள். பத்துப் பேருக்கும் தெரிந்த ஒன்றைப் பற்றி ஒருவர் முகத்திலும் ஒரு அடையாளம் இருக்காது. படித்தவன் என்று சொல்லிக்கொண்ட நான்தான் அந்த வழக்கத்தை மீறினேன்.

மதினியின் மூத்த மகள் கீழ்க் கிராமத்துச் சிங்களப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். பஸ் கண்டக்டர், நல்ல பையன். அண்ணன் அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வெளியே, கொழும்பில் கார்மென்ட் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று பேச்சு. அண்ணன் புகைக்கூடத்தில் இறப்பர் ஷீட் காயவைக்கும் வேலையில் இருந்தார், நாலரைக்குத்தான் வருவார். ஒருநாள் மூன்றரை மணிக்கு சுவருக்கு அந்தப் பக்கம் பீங்கான் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மதினியின் குரல், மிகவும் தணிந்து: “அப்பா வர இன்னும் நேரம் இருக்கு. இன்னொரு கரண்டி போட்டுக்க.” யாரோ அழுதுகொண்டே சாப்பிடும் சத்தம். நாலு மணிக்கு லயத்தின் பின்பக்கத்துப் பாதை வழியாக ஒரு பெண் இறங்கிப் போனாள்.

அதை நான் கதையாக எழுதினேன். இறப்பரைத் தேயிலையாக்கினேன், மகளை மகனாக்கினேன், ஊரை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனேன். எட்டுப் பக்கம், ஒரே மூச்சில். பத்திரிகைக்கு அனுப்ப உறையில் விலாசம்கூட எழுதியாயிற்று. மனைவிக்குப் படித்துக் காட்டாமல் அனுப்பிப் பழக்கமில்லை. நல்ல மழை பெய்யும் ஒரு பிற்பகலைத் தேர்ந்தெடுத்தேன். மழையில் பக்கத்துக்குக் கேட்காது என்பது என் கணக்கு. மனைவிக்கும் கேட்கவில்லை. “சத்தமா படிங்க” என்றாள். நான் ஏறக்குறையக் கத்திக்கொண்டிருந்தேன். ஏழாம் பக்கத்தில், குழாயைத் திருகி மூடியதுபோல மழை நின்றது. என் குரல் மட்டும் தனியாகப் போய் லயம் முழுவதும் நின்றது: “அப்பா வர இன்னும் நேரம் இருக்கு. இன்னொரு கரண்டி போட்டுக்க.”

பன்னிரண்டு காம்பராவிலும் ஒரு சத்தமில்லை. யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள், அதுவும் நின்றது. நாலரைக்கு அண்ணன் வந்தார். “என்ன தம்பி, இன்னைக்கி லயமே செத்த ஊடு மாதிரி கெடக்கு?” என்று சுவருக்கு மேலாகக் கேட்டார். நான் எட்டுப் பக்கங்களையும் பாய்க்கு அடியில் தள்ளினேன். பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது: “மழைதாண்ணே, எல்லாரும் படுத்துட்டாங்க.” இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: “அத அனுப்புனீங்கன்னா, நான் அவங்க மொகத்துல எப்படிங்க முழிப்பேன்?”

ஒன்பது நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஒன்பது நாளும் நான் ஒரு வரி எழுதவில்லை. பத்தாம் நாள் மதினி முன்வாசல் வழியாக வந்தார். தலையில் முக்காடு, கையில் ஒன்றுமில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நீங்க கத்துன கத்துல மழையிலயும் எல்லாம் கேட்டுச்சு. தேயிலைன்னு போட்டீங்க, மகன்னு போட்டீங்க. சோத்துக்கு மேல ரெண்டு துண்டு கருவாடுன்னு எழுதியிருக்கீங்களே மாஸ்டர், அது எங்க ஊட்டு சோறுதானே? வாசம் புடிச்சா எழுதுனீங்க?”

“கிழிச்சுப் போட்டுர்றேன் மதினி” என்றேன்.

“கிழிக்காதீங்க. கதை நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனா ஞாயித்துக்கெழம சவரக்கடையில யாராச்சும் பத்திரிகைய படிச்சா ஒக்காந்து கேப்பாரு. கேட்டாருன்னா, அந்தப் புள்ள அப்புறம் இந்தப் பக்கம் தல காட்ட ஏலாது. நான் சொல்ற வரைக்கும் வெளிய விடாதீங்க.”

விடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாள் பழைய கதையொன்றை எடுத்துப் படித்தேன். “அந்தக் கெழவன் அவ்வளவு நல்லவனா என்ன?” என்று சுவருக்கு மேலாகக் கேள்வி வந்தபோது, சொன்னால் வெட்கம், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகும் பதினான்கு தடவை வந்தாள். அவள் வரும் நாட்களில் முதல் காம்பராவில் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். பின்பக்கத்தில் யாராவது மிளகாய் இடிப்பார்கள். என் பங்குக்கு நான் பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்வேன். அண்ணனுக்கு எதுவும் தெரியாமலே போயிற்று. அல்லது அவரும் லயத்துக்காரர்தானே, தெரிந்தும் தெரியாதவராக இருந்தாரோ என்னவோ. அவர் காலமாகி நாலு வருடமாகிறது.

நான் இப்போது வரக்காப்பொலவில் மகன் வீட்டில் இருக்கிறேன். நான் எழுதுவதற்கென்றே அவன் ஒரு அறை கட்டிக் கொடுத்திருக்கிறான். சுவர் கொங்கிரீட் கூரைத் தட்டுவரை எழும்பியிருக்கிறது. கதவைச் சாத்தினால் கண்டி வீதியின் லொறிச் சத்தம்கூடப் பாதிதான் வரும். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ஆறு வருடத்தில் மூன்று கதை எழுதினேன். மூன்றிலும் பாத்திரங்கள் யாரென்று நன்றாக விளங்குகிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. குறுக்கே பேச ஆளில்லாததால் வாக்கியங்கள் நீண்டுவிட்டன. கேட்க மனைவியும் இப்போது இல்லை. மருமகளுக்குப் படித்துக் காட்டினால் “நல்லாருக்கு மாமா” என்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் ஒருமுறையாவது நல்லாயில்லை என்று சொன்னால் தேவலை.

சென்ற வாரம் எட்டுப் பக்கங்களையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கேகாலையில் ஒரு பஸ் மாறி, புளத்கொகுபிட்டியவில் இறங்கி, அங்கிருந்து திரீவீலர். லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, மண் சரியலாம் என்று எல்லாரையும் அங்கிருந்து கிளப்பிவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களையும் சேர்த்து இருபது தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். மதினிக்குப் பதினாலாம் இலக்கம். வாசலில் ஏழு படி, மூன்றாவது ஆடுகிறது.

“அனே, மாஸ்டரா! எம்புட்டு மெலிஞ்சுட்டீங்க! மகன் சோறு போடுறதில்லையா?”

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். டீவி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். “இருக்கட்டுங்க. ஒரு பேச்சுச் சத்தம் வேணும்ல. என்னா, அதுல பேசுறவங்களுக்கு நான் பதில் சொன்னா அவங்களுக்குத்தான் கேக்க மாட்டேங்குது” என்று சிரித்தார். வீடு நல்ல வீடு. ஓடு, சீமெந்துத் தரை, சுவரெல்லாம் கூரைவரை. தேநீர் குடித்து முடிக்கும்வரை நான் வந்த காரியத்தைச் சொல்லவில்லை. பிறகு பக்கங்களை எடுத்து மேசைமேல் வைத்தேன். “மதினி, அந்தக் கதை. நீங்க சொன்னாத்தான்.”

அவர் அதைத் தொடவில்லை. தேநீர்க் கோப்பைகளை எடுத்துப் போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தார். வேண்டாம் என்பார் என்றே நினைத்தேன். பஸ்சில் திரும்பும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டிய ஆறுதலைக்கூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

“புள்ள இப்ப முன்வாசல் வழியா வருது மாஸ்டர். மாப்பிள, ரெண்டு பேரப்புள்ளைங்க, எல்லாரும். அடுத்த ஊட்டுக்காரி கேக்குறா, ஒங்க ஊட்டுக்கு ஒரு சிங்கள நோனா வர்றாங்களே, யாரு அந்தம்மான்னு. கண்டக்டர் பொண்டாட்டிங்குற மவுசு, நல்லா உடுத்திக்கிட்டு வருதுல்ல. எம் பொண்ணுன்னு சொன்னேன். ஒங்களுக்குப் பொண்ணு இருக்கா, சொல்லவே இல்லையேங்குறா. எங்கேருந்து சொல்றது? லயத்துல எல்லாருக்கும் தெரியும், நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. இங்க ஒருத்திக்கும் தெரியல. ஆரம்பத்துலருந்து சொல்லணும். ஆரம்பத்துலருந்து சொல்ல எனக்கு வரலைங்க. பாதியிலருந்துதான் சொல்லத் தெரியும்.”

எழுந்து வாசலுக்குப் போனார். இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை குரல் கொடுத்தார். “வாங்கடி, வாங்க! எங்க மாஸ்டர் வந்திருக்காரு. எங்க ஊட்டுக் கதை படிக்கப் போறாரு.” ஏழு பெண்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் கதிரை நாலுதான். மூன்று பேர் தரையில் உட்கார்ந்தார்கள். மதினி டீவியை நிறுத்தினார்.

நான் கண்ணாடியைப் போட்டேன். “மதினி, இதுல மகன்னு இருக்கே...”

“மகன் எங்கேருந்து வந்தான்? அவரும் போயிட்டாரு. இனி யாருக்குப் பயம்? மக தானே. மகன்னா மகனுக்கு எவன் ஒளிச்சு வச்சு சோறு போடுறான்? சத்தமா படிங்க.”

மகன் என்ற சொல் அந்த எட்டுப் பக்கத்தில் இருபத்து மூன்று இடத்தில் இருக்கிறது. வாசிக்க வாசிக்க வாயாலேயே மாற்றிக்கொண்டு போனேன். வியர்த்துவிட்டது. நாலாம் பக்கத்தில் கவனம் தப்பி, பழைய சொல்லே வந்துவிட்டது.

“மக, மாஸ்டர்” என்றார் மதினி.

கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்த அடுத்த வீட்டுக்காரி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஆமாடி, நீ பார்த்தியே, அவதான்” என்றார் மதினி. “நீங்க படிங்க மாஸ்டர்.”